முதல் பிரசவம் நார்மல்தானே? – சிசேரியன் கேட்டு வந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வயது 27. இரண்டாவது கர்ப்பம், 22 வாரம். முதல் குழந்தை பையன், நாலே முக்கால் வயது. அம்மா வீடு வியாசர்பாடி, மாமியார் வீடு காசிமேடு. கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் டிரைவர். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, "மேடம், எனக்கு சிசேரியன்தான் வேணும். பண்ணுவீங்களா, மாட்டீங்களான்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

ரத்த சோகை இல்லை. குழந்தையின் ஸ்கேனில் குறை இல்லை. கர்ப்பிணி அட்டையில் 'முதல் பிரசவம்: நார்மல்' என்று இருந்தது.

இதை எழுத அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். எழுதியதை அவரே படித்தும் பார்த்தார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் பிரசவம் நடந்த தனியார் நர்சிங் ஹோமின் பெயர் இங்கே வேண்டாம்.

நான் ஆரம்பித்த பிரசங்கம்

அன்று ஓ.பி.யில் நல்ல கூட்டம். அவர் கேட்ட கேள்விக்கு நான் புள்ளிவிவரம் சொன்னேன். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுமைக்கும் 21.5தான். இந்த எண்கள் எங்களை உறுத்துகிறவை. 'சிசேரியன் பண்ணுங்க' என்று யாராவது கேட்டாலே உள்ளுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் சொன்னது எல்லா டாக்டருக்கும் மனப்பாடம். அதே நிறுவனம் 2015இல், ஏதோ ஒரு சதவீதத்தை எட்டுவதற்காகப் பாடுபடுவதை விட, தேவைப்படும் பெண்ணுக்கு சிசேரியன் கிடைக்கச் செய்வதில் பாடுபடுங்கள் என்று சொன்னது. அதை மேடையில் யாரும் படிப்பதில்லை. அன்று நானும் படிக்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மடித்தார்.

நர்ஸ் எழுதி வைத்திருந்த அளவு அப்போதுதான் கண்ணில் பட்டது. ரத்த அழுத்தம் 148/96, நாடித்துடிப்பு 126. அட்டையில் அதற்கு முந்தைய மூன்று அளவுகளும் 110/70ஐ ஒட்டியே இருந்தன. "சரி, படுங்கம்மா, வயித்த மட்டும் பாத்துடலாம்" என்று கட்டிலைக் காட்டினேன். அவர் கை கதவுக் கைப்பிடிக்குப் போனது. மேலுதட்டில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

படுக்க வேண்டாம், மறுநாள் மதியம் ஓ.பி. முடிந்ததும் வாருங்கள், பரிசோதனை எதுவும் கிடையாது, முதல் பிரசவத்தில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், மாமியாரோடு.

எனக்கு முன்னால் இரண்டு டாக்டர்களைப் பார்த்திருக்கிறார். ஒருவர், "மொதல்ல நார்மல்னா ரெண்டாவது வழுக்கிட்டு வந்துடும், பயப்படாத" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் ஒரே நிமிடத்தில் சம்மதித்து பேக்கேஜ் தொகையைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் மறுத்தார், ஒருவர் ஒப்புக்கொண்டார். ஏன் கேட்கிறாய் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. சம்மதித்தவரிடம் ஏன் போகவில்லை என்றேன். "அவரு என் மூஞ்சியே பாக்கல மேடம். அங்கயும் அப்படித்தான் ஆவும்னு தோணுச்சு."

முதல் பிரசவம்

ராத்திரி பனிக்குடம் உடைந்திருக்கிறது. கணவர் லோடோடு துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசல் வரிசையில். அந்த வரிசையில் வண்டி மாட்டிக்கொண்டால் எப்போது வெளியே வரும் என்று யாரும் சொல்ல முடியாது, வண்டியை விட்டுவிட்டும் வர முடியாது. அம்மாதான் ஆட்டோவில் கூட்டிப்போனார். லேபர் ரூமுக்குள் அம்மாவை விடவில்லை. வலி வரவழைக்க டிரிப் ஏற்றினார்கள். மறுநாள் மதியம் வரை வலி. முக்கச் சொன்னார்கள், முக்கினார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. சுவரில் கடிகாரம் இருந்ததாம், தலைக்குப் பின்னால்.

பிறகு நடந்ததை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். ஓர் ஆயா ஸ்டூல் போட்டு ஏறி மேல்வயிற்றை முழங்கையால் அமுக்கினார். கீழே வெட்டினார்கள். இரும்புக் கரண்டி மாதிரி எதையோ உள்ளே விட்டார்கள். தலை வந்தது, உடம்பு வரவில்லை. அறையில் திடீரென்று யாரும் பேசவில்லை. மறுபடி அமுக்கினார்கள். குழந்தை அழவில்லை. எங்கோ எடுத்துப்போனார்கள். "ரத்தம் நிக்கல, ரத்தம் நிக்கல" என்ற குரல் மட்டும் கேட்டது. யாரும் அவரிடம் பேசவில்லை. தையல் போடும்போது கத்தியதற்கு, "பெத்துக்கும்போது தெரியலையா" என்று ஒரு குரல்.

பையன் 3.9 கிலோ. ஆறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். வலது கை தூக்கவில்லை, நாலு மாதத்தில் சரியானது. அவருக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

டாக்டராகக் கேட்கும்போது இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. தலை வெளியே வந்தபின் தோள் இடுப்பு எலும்பில் மாட்டிக்கொள்வதைத் தோள் சிக்கல் என்கிறோம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, இரண்டு தொடையையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து, அடிவயிற்றில் எலும்புக்கு மேலே அழுத்தி, தோளை நகர்த்துவது. மேல்வயிற்றை அமுக்கினால் தோள் எலும்பில் இன்னும் இறுகும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு இழுபட்டால் கை தூக்காது. எர்ப்ஸ் பால்சி என்பது இதுதான். மேல்வயிற்றை அமுக்கிப் பிரசவத்தை விரைவுபடுத்துவதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எழுத்திலேயே சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் எத்தனை லேபர் ரூமில் அந்த ஸ்டூல் இன்னும் இருக்கிறது என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

டிஸ்சார்ஜ் சீட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார். அதில் இவ்வளவுதான்: 'லேபர் நேச்சுரல், எபிசியாட்டமியுடன். ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்.' எபிசியாட்டமி என்பது கீழே வெட்டியது. அந்த இரும்புக் கரண்டியான ஃபோர்செப்ஸ் இல்லை, தோள் இல்லை, ரத்தம் இல்லை. முழு கேஸ் ஷீட்டைக் கேட்டு எழுதினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. 'காலம் கடந்துவிட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது.

மாமியார் சொன்னது

மாமியார் காசிமேட்டில் மீன் விற்கிறவர். மருமகள் சிசேரியன் கேட்பதைத் தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். எங்கள் தொழிலில் மாமியாரைப் பார்த்ததும் வருகிற கெட்ட பழக்கம் இது.

மருமகள் பேசி முடித்ததும் அவர் சொன்னார். "டாக்டரம்மா, இது முழுசா சொல்லல. அஞ்சாம் மாசம் புள்ளயத் தூக்கினு எங்கூட்டுக்கு வந்துச்சே, அப்பவே எனக்குத் தெரியும். நான்தான துணி தொவச்சேன். காத்து நிக்காது. அவசரம்னா பாத்ரூம் போறதுக்குள்ள ஆயிடும். கல்யாணம் காச்சின்னா வராது. பஸ் ஏறாது. நானும் கேட்டுக்கல, அதுவும் சொல்லல. பழைய பொடவயக் கிழிச்சு மடிச்சு அது பையில வச்சுடுவேன், அவ்ளோதான்."

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. நாலு வருடமாகப் பையில் துணி இருந்துகொண்டே இருந்ததற்கு என்ன காரணம் சொல்லி வைத்திருந்தாரோ.

பரிசோதனைகள்

முதல் மூன்று சந்திப்பில் நான் அவரைத் தொடவில்லை. ரத்த அழுத்தத்தை வெளியே, ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தோம். 114/72. கட்டிலுக்கு மட்டும்தான் அந்த உயரம்.

மனநலத்துக்கு எடின்பரோ படிவம், 10 கேள்வி. 13 வந்தாலே கவனிக்க வேண்டும், அவருக்கு 17. டெட்டால் வாசனை வந்தால் லேபர் ரூம் அப்படியே திரும்பி வருகிறது, ராத்திரி கனவில் குழந்தை அழாமல் இருக்கிறது என்றார். மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், அதோடு சேர்ந்த பிரசவ பயம் என்று எழுதினார். ஒருமுறை பெற்று அடிபட்ட பின் வரும் பயத்துக்கும், பெற்றே இராதவருக்கு வரும் பயத்துக்கும் வித்தியாசம் உண்டு. முன்னதற்கு ஆதாரம் உடம்பிலேயே இருக்கும்.

இருந்தது. ஆசனவாய்ச் சுருக்குத்தசையை ஸ்கேன் செய்ததில், வெளித்தசையின் முன்பக்கம், கடிகாரத்தில் 11 மணியிலிருந்து 1 மணி வரையிலான இடத்தில், தசை இல்லை, வடுதான் இருந்தது. பாதிக்கு மேல் கிழிந்த மூன்றாம் நிலைக் கிழிசல். அதை ஆபரேஷன் தியேட்டரில், நல்ல வெளிச்சத்தில், மரத்துப்போக வைத்து, தசையைத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். இங்கே எபிசியாட்டமியோடு சேர்த்து மேல்தோலை மூடியிருக்கிறார்கள். ஒழுங்காகத் தைத்தால் 100 பேரில் 60 முதல் 80 பேர் ஒரு வருடத்தில் தொந்தரவே இல்லாமல் இருக்கிறார்கள். இவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை, ஏனென்றால் இவருக்குக் கிழிந்ததாகவே யாரும் எழுதவில்லை.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 122. எல்லை 140. பெரிய குழந்தைக்குச் சர்க்கரை காரணமா என்ற சந்தேகம் இந்த முறைக்கு நீங்கியது.

பேசி முடிவெடுத்தது

இந்த நிலையில் சிசேரியன் சரிதான் என்று நானே சொல்லி முடித்திருக்கலாம். தசை பலவீனமாக, தொந்தரவோடு இருப்பவரிடம் அந்த வழியையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் முதல் தடவை எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்ததில்தான் இவருக்கு இவ்வளவும் நடந்தது. அதனால் இரண்டு வழியையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தோம், நாற்பது நிமிடம்.

சாதாரணப் பிரசவம் என்றால்: மறுபடி பெரிய கிழிசல் வர 100க்கு 5 முதல் 7 வாய்ப்பு. இருக்கிற தொந்தரவு கூடலாம். தோள் சிக்கல் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல், கூடவே ஒருவர், வயிற்றை யாரும் அமுக்காத ஏற்பாடு எல்லாம் செய்து தர முடியும்.

சிசேரியன் என்றால்: தையலில் சீழ், கூடுதல் ரத்தம், காலில் ரத்தக்கட்டி, நாலைந்து வாரம் கனமான எதையும் தூக்க முடியாது. பெரிய கவலை அடுத்த கர்ப்பங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்ப்பக்கம் கீழே இறங்கி உட்கார்ந்தால் அது பழைய தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளலாம். அப்படி நஞ்சுக்கொடி இறங்கியவர்களில், பழைய சிசேரியன் தழும்பு இல்லாத முதல் சிசேரியனின்போதே 100க்கு 3 பேருக்கு ஒட்டியிருக்கும், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. கர்ப்பப்பையையே எடுக்க நேரும். "எனக்கு ரெண்டோட போதும் மேடம்" என்றார். அப்படியென்றால் இந்தக் கணக்கு அவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. நாலு பிள்ளை வேண்டும் என்பவரிடம் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

சிசேரியன் செய்தால் பழைய கிழிசல் சரியாகாது என்பதை மூன்று முறை சொன்னேன். மேலும் கெடாமல் காக்கும், அவ்வளவுதான்.

வலிக்குத்தான் பயமா என்று கேட்டேன். "வலி எனக்குப் பெருசில்ல. என்னா பண்றாங்கன்னு எனக்குச் சொல்லல மேடம். நான் அங்க இருந்தேன், என்கிட்ட யாருமே சொல்லல."

இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு வழிகாட்டி வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு 2011லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. காரணத்தைக் கேள், பயத்துக்கு உதவி கொடு, எல்லாம் பேசிய பிறகும் அந்தப் பெண் சிசேரியனையே விரும்பினால் செய்துகொடு, உனக்கு மனமில்லையென்றால் செய்கிறவரிடம் அனுப்பு. ஸ்காட்லாந்தில் 1999இல் நடந்த ஒரு பிரசவம் இன்னும் நெருக்கமானது. தாய்க்குச் சர்க்கரை நோய், உயரமும் குறைவு, தோள் சிக்கல் வர 9 முதல் 10 சதவீதம் வாய்ப்பு. டாக்டர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் வாதம். தோள் மாட்டி, குழந்தைக்கு மூளை பாதிப்பு. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. மாண்ட்கோமரி வழக்கு என்று எல்லா மருத்துவச் சட்ட வகுப்பிலும் வரும். அந்த டாக்டரின் வாதத்தை நான் எத்தனை தடவை டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தால் கூசுகிறது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து அவருடையது. கணவரும் சாட்சியாகப் போட்டார். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக வேறு யாரும், பெற்ற தாயே ஆனாலும், சம்மதம் கொடுக்க முடியாது என்று 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ரோகிணி

39 வாரம் முடிந்த மறுநாள் தேதி கொடுத்தேன். அதற்கு முன்னால் வேண்டாம் என்பதற்குக் காரணம் குழந்தையின் நுரையீரல். வலி எடுக்காமலே வெளியே எடுக்கும் குழந்தைக்கு நுரையீரல் நீர் வடியத் தாமதமாகும். 37, 38 வாரத்தில் எடுத்தால் மூச்சுத் திணறலோடு ஐ.சி.யூ.வுக்குப் போவது அதிகம்.

அவருடைய அம்மா மறுநாளே வந்துவிட்டார். அந்த நாள் ரோகிணி நட்சத்திரம். ரோகிணியில் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது. தாய்மாமன், அதாவது அவர் மகன், அம்மாவுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். ஜோசியர் 38ஆவது வாரத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அது முடியாது என்றேன். ஒரு நாள் தள்ளினால் மிருகசீரிடம், அதில் மருத்துவத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தள்ளினேன். சில சக டாக்டர்கள் இதற்குச் சிரித்தார்கள். தாய்மாமன் முகம் தெளிந்ததே, அது போதாதா.

முன்கூட்டியே வலி வந்தால்? தேதி குறித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும். அதையும் எழுதினோம். வலி வந்தால் கணவருக்குக் காத்திருக்காமல் 108. வந்தவுடன் சிசேரியன். தலை மிகவும் இறங்கிவிட்டால் என்ன என்பதையும் பேசினோம். அதுதான் கஷ்டமான பேச்சு. அப்போது எது பாதுகாப்போ அதைச் செய்வோம், ஆனால் செய்வதற்கு முன் சொல்லுவோம் என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

கேஸ் ஷீட்டின் முன்பக்கம் ஒரு தாள் ஒட்டினோம், தமிழில், ஆயா முதல் மயக்க மருந்து தரும் அனஸ்தடிஸ்ட் வரை எல்லாரும் படிக்கிற மாதிரி. தொடும் முன் சொல்லவும். கடிகாரம் அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். குழந்தை அழாவிட்டால் என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கவும். மாமியார் உள்ளே இருப்பார்.

அதில் ஒரு சிக்கல். சிசேரியனிலும் குழந்தையை வெளியே எடுக்கும்போது மேல்வயிற்றை அமுக்கித்தான் ஆக வேண்டும். ஸ்பைனல் ஊசியில் வலி இருக்காது, ஆனால் அமுக்குவதும் இழுப்பதும் தெரியும். அவர் எதற்குத் தப்பி ஓடி வந்தாரோ அதே கை, அதே இடத்தில். இதை மறைத்தால் எல்லாம் வீண். மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லி, என் கையை அவர் வயிற்றின் மேல் வைத்து, இங்கேதான், இவ்வளவு நேரம்தான், பத்து எண்ணுவதற்குள் என்று காட்டினேன்.

தியேட்டரில்

அன்று காலை. முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் இடுப்புவலி என்று தெருவே சொல்லியிருக்கிறது. அது உண்மையில்லை என்று அனஸ்தடிஸ்ட் முந்தைய நாளே பேசியிருந்தார். குனிந்து உட்கார்ந்தவரின் தோளை மாமியார் பிடித்துக்கொண்டார்.

கர்ப்பப்பையைத் திறந்ததும், "இப்ப அமுக்குவோம்மா" என்றார் அனஸ்தடிஸ்ட். துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "யாரு அமுக்குறது?"

"நான்தான்மா" என்றேன்.

"சரி மேடம்."

நாடி 134 வரை ஏறியது. மாமியார் சத்தமாக எண்ணினார். ஏழில் குழந்தை வெளியே. பெண், 3.4 கிலோ, எட்டு முப்பத்தேழுக்கு உடனே அழுதது. நேரத்தைச் சொன்னவர் அவரே, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. ரத்த இழப்பு 600 மி.லி. அளவு. அவர் முன்பே கேட்டிருந்தபடி காப்பர்-டியும் வைத்தோம்.

எல்லாம் சுமுகம் என்று எழுத முடியாது. எட்டாம் நாள் தையலின் ஓரத்தில் நீர் கோத்தது, பத்து நாள் கட்டு மாற்றினோம். கனவு நிற்கவில்லை, குறைந்தது. ஆறாம் வாரம் எடின்பரோ மதிப்பெண் 9.

சுருக்குத்தசைக்கு இடுப்புத்தளப் பிசியோதெரபி போகிறார், வாரம் ஒரு நாள். ஆபரேஷன் தேவையா என்பதைக் குடல் அறுவை நிபுணர் ஆறு மாதம் கழித்துச் சொல்வார். போன முறை வந்தபோது, பஸ்ஸில் வந்தாரா என்று கேட்டேன். ஆட்டோதான் என்றார். பையில் துணி இருந்தது. இந்த முறை மாமியார் அதைக் கடையில் வாங்கிக் கொடுத்திருந்தார்.